கம்மாய்க் கரையில் நிற்கும் மண் குதிரைகள்

கோவில்பட்டியிலிருந்து எந்தத் திசையில் டவுன் பஸ் ஏறினாலும், ஊர் முடிந்த கொஞ்ச நேரத்தில் கரிசல் ஆரம்பித்துவிடும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியுமாகப் பச்சை விரிந்து கிடக்கும். சித்திரை, வைகாசியில் போனால் முழங்கை வரை உள்ளே விடலாம் என்கிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கறுப்பு நிலம், நடுவில் ஒற்றைப் பனை, உடைமரம், தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்.

இந்த வட்டாரத்தின் கம்மாய்க் கரைகளில் அய்யனார் இருப்பார். கூரை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவருக்கு முன்னால் குதிரை இருக்கும். சுட்ட மண்ணில் செய்த குதிரை. ஒன்றுக்குக் காது இருக்காது. இன்னொன்றின் வால் உடைந்து வயிற்றுக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். பக்கத்தில் கழுத்து மட்டும் மிஞ்சிய பழையது ஒன்று, அதற்கும் பின்னால் வெறும் நான்கு கால்கள், அப்புறம் ஓட்டுச் சில்லுகள். எது போன வருடத்துக் குதிரை, எது தாத்தா காலத்துக் குதிரை என்பதை அந்த வரிசையிலேயே படித்துவிடலாம்.

பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, "ஏன் இப்படிக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்?" என்பதுதான். கவனிக்காமல் விடவில்லை. அப்படி விடுவதுதான் முறை.

எதைக் கேட்கிறோமோ, அதைச் செய்து கொடுப்பது

நேர்த்திக்கடனாகக் கோயிலுக்குச் செய்து வைக்கும் மண் உருவத்துக்கு உருவாரம் என்று பெயர். குழந்தை வேண்டும் என்றால் மண்ணில் ஒரு குழந்தை; அதை மதலை என்பார்கள். மாடு நோயிலிருந்து பிழைத்தால் மண்ணில் ஒரு மாடு. பாம்பு பயம், நாக தோஷம் என்றால் நாகம். இழந்ததை, இழக்கப் பயந்ததை, இன்னும் கிடைக்காததை உருவமாக்கிச் சாமி முன் வைத்துவிட்டுப் போவது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்து விண்ணப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கோயிலில் என்னென்ன உருவாரம் குவிந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த ஊர் எதற்கெல்லாம் பயந்தது, எதற்கெல்லாம் ஏங்கியது என்று தெரிந்துவிடும்.

மண்ணோடு மட்டும் இது நிற்கவில்லை. வடக்கே சாத்தூர் பக்கம், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் இடத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்நோய் தீர்ந்தவர்கள் கண்மலர் சாத்துகிறார்கள். மேற்கே சங்கரன்கோவிலில் பாம்பு, தேள் உருவம் பதித்த சின்னத் தகடுகளை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். வரும்போது புற்றுமண் எடுத்து வருகிறார்கள். வீட்டுக்குள் பூச்சி பொட்டு வராது என்பது நம்பிக்கை. விரிசல் விட்ட கரிசலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தேள் என்பது வெறும் அடையாளச் சின்னம் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

குழந்தை, மாடு, பாம்பு, தேள் எல்லாம் சரி. இவையெல்லாம் வீட்டிலும் காட்டிலும் இருந்தவை. குதிரை? கரிசல் சம்சாரி எவரும் குதிரை வைத்து உழவில்லை. வண்டியில் பூட்டியது காளையைத்தான். தன்னிடம் ஒருநாளும் இல்லாத ஒரு விலங்கைத் தன் ஊர்ச் சாமிக்கு ஏன் செய்து கொடுத்தார்?

கப்பலில் வந்த விலங்கு

விடை தேட தெற்கே தாமிரபரணிக் கரைக்குப் போக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் தோண்டிப் பார்த்து, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ சில வருடங்கள் விரிவாகத் தோண்டினார். பெரிய பெரிய முதுமக்கள் தாழிகள். அவற்றோடு வெண்கலப் பாத்திரங்கள். அந்தப் பாத்திரங்களின் மூடிகளிலும் தாங்கிகளிலும் குட்டி குட்டி விலங்குகள். எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை. வீட்டு விலங்கும் காட்டு விலங்கும் சேர்ந்து, இறந்தவரோடு மண்ணுக்குள் போயிருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கலாம். 2004-ல் மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது கிடைத்த ஒரு தாழியின் துண்டில் இன்னும் அழகான காட்சி: ஒரு பெண் நிற்கிறாள், அருகே ஒரு பயிர், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. மண்ணைத் திரித்து ஒட்டிச் செய்த படம். ஆற்றங்கரை வாழ்க்கை மொத்தமும் ஒரு சாண் ஓட்டில் இருக்கிறது.

ரீ பட்டியலிட்ட விலங்குகளில் குதிரை இல்லை.

குதிரை தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைச் சங்க நூலான பட்டினப்பாலை சொல்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்குகிறது. பாண்டிய மன்னரும் அவரது சகோதரர்களும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆனால் வருட முடிவில் நூறு குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர்தான் மார்க்கோ போலோ. ஆனாலும் பாதிக்குப் பாதி கழித்தாலும் கணக்கு பயங்கரமாகத்தான் இருக்கிறது.

குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் கோயில் கட்டிய மாணிக்கவாசகர் கதையும், நரி பரியான திருவிளையாடலும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஒரு ராஜா தன் மந்திரியைச் சிறையில் போடும் அளவுக்குக் குதிரை விலை உயர்ந்த சரக்காக இருந்திருக்கிறது என்பதை அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு பாளையக்காரர்கள் காலம். கோவில்பட்டியைச் சுற்றி எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி. கொஞ்சம் தெற்கே, 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. குதிரையில் வருகிறவர் என்றால் அதிகாரத்தில் இருப்பவர். சம்சாரி ஒதுங்கி நின்று பார்த்த விலங்கு அது.

அய்யனார் ஊரின் காவல்காரர். பழைய சிற்பங்களில் அவருக்கு யானைதான் வாகனம், கையில் செண்டு. இந்தத் தென்மாவட்டங்களில் சாஸ்தா என்ற பெயரில் குலதெய்வமாக இருக்கிறார். ராத்திரியில் ஊரைச் சுற்றி வருவார், கருப்பசாமியும் நாயும் கூட வரும், குளம்புச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். ராஜாவுக்குக் கப்பலில் வந்து வருடத்துக்குள் செத்துப்போன விலங்கை, ஊர் தன் சாமிக்கு மண்ணில் செய்து கொடுத்தது. அதற்குத் தீனி வேண்டாம், லாடம் வேண்டாம். சம்சாரியின் சாமியும் குதிரையில்தான் வரும்!

இதே மாதிரி ஒன்று உலகத்தின் மறுகோடியிலும் நடந்திருக்கிறது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில், வீட்டுக் கூரையின் உச்சியில் இரண்டு மண் காளைகளை ஜோடியாக வைப்பார்கள். நடுவில் ஒரு சிலுவை இருக்கும். வீட்டுக்குக் காவல், மந்தைக்குச் செழிப்பு. புக்காரா காளை என்று அதற்குப் பெயர். ஆனால் ஆண்டிஸில் காளை பூர்வீக விலங்கே இல்லை. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அந்த மலைவாசிகளின் செல்வம் லாமாவும் அல்பாக்காவும்தான். அந்த விலங்குகளின் உருவத்தைச் சிறிய கல்லில் செதுக்கி, முதுகில் குழி வைத்து, அதில் கொழுப்பும் கோக்கா இலையும் நிரப்பி மேய்ச்சல் நிலத்தில் புதைப்பார்கள், மந்தை பெருகும் என்று. ஆட்சியாளரோடு வந்திறங்கிய புது விலங்கை அவர்களும் பழைய முறையில் மண்ணில் செய்து தங்கள் வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

கழுகுமலை உச்சியில்

மண் குதிரையைப் பார்க்க வருகிறவர்கள் கழுகுமலையை விட்டுவிடக் கூடாது. கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கி.மீ. அடிவாரத்தில் முருகன் குடைவரைக் கோயில். வழக்கத்துக்கு மாறாக மயிலின் முகம் முருகனுக்கு இடது பக்கம் திரும்பியிருக்கும். இந்திரனே மயிலாக வந்தான் என்பது தலக்கதை. மேலே ஏறினால் 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அப்பா, மகன், சிற்பம், பொறாமை. வழிகாட்டி யாராவது கிடைத்தால் அவரே சொல்லட்டும்.

அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு குடை பிடிக்கிறது. அம்பிகைக்குப் பக்கத்தில் சிங்கம். யார் எந்தத் தெய்வம் என்பதை விலங்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே அய்யனாருக்கும் ஒரு கோயில். சமணம் இந்த மலையை விட்டுப் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. அய்யனார் காவலுக்கு இருக்கிறார். மேலேயிருந்து பார்த்தால் கரிசல் காடு வானம் தொடும் இடம் வரை தெரியும். காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது. பாறை சீக்கிரம் சுட ஆரம்பித்துவிடும்.

வயிறு காலியாக இருந்தால்தான் குதிரை

கரிசல் மண்ணில் நேரடியாகப் பானை வனைய முடியாது. தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. நிலத்தில் வெடிப்பு விழுகிற அதே காரணத்தால் பானையிலும் விழும். அதனால் வேளார் கம்மாய்க்குத்தான் போக வேண்டும். கம்மாய் அடியில் படிந்த களியை வெட்டி வந்து, கல் பொறுக்கி, ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதம் பார்க்க வேண்டும். மணல் கூடினால் உதிரும். குறைந்தால் சூளையில் வெடிக்கும். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மிதிக்கிற காலுக்குத்தான் தெரியும்.

குதிரையை ஒரே மூச்சில் செய்ய முடியாது. நான்கு கால்களும் நான்கு உருளைகளாக முதலில் எழும். அவை தன் கனத்தைத் தாங்கும் அளவு காய்ந்த பிறகுதான் மேலே வயிறு. மண்ணைத் திரி திரியாக உருட்டி வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி உயர்த்துவார்கள். ஈரம் அதிகம் இருந்தால் வயிறு தொங்கிவிடும். ரொம்பக் காய்ந்துவிட்டால் அடுத்த வளையம் ஒட்டாது. கழுத்து, தலை, காது, கடிவாளம், மணிமாலை எல்லாம் அப்புறம். ஆள் உயரக் குதிரை என்றாலும் உள்ளே முழுக்கக் காலி; சுவர் மட்டும்தான். காற்று போக ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். கெட்டியாகச் செய்தால் உள்ளே மிஞ்சிய ஈரம் நெருப்பில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். வைக்கோல், வரட்டி, விறகு அடுக்கி, மேலே மண் பூசி மூட்டும் சூளை ஆறி, பிரித்துப் பார்க்கும் வரைக்கும் வேளாருக்குத் தூக்கம் வராது. இத்தனை நாள் வேலையும் ஒரு ராத்திரியில் ஓடாகிவிடலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இதையே ஒரு பெரிய விழாவாக நடத்துகிறார்கள். புரவி எடுப்பு. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று பெயர். ஒப்பந்தம், அட்வான்ஸ், ஆசீர்வாதம் எல்லாம் அந்த ஒரு பிடியில் முடிந்தது. குதிரைகள் தயாரானதும் சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, மாலை போட்டு, கண் திறந்து, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கண் திறக்கும் வரை அது மண். திறந்த பிறகு சாமியின் வாகனம். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் வேளார்தான். பானை வனைகிற அதே கை விபூதி கொடுக்கிறது. ஊர் முழுக்க அந்தக் கைக்கு முன்னால் தலை குனிகிறது.

பெருவில், கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரை வடக்குக் கடலோரத்தில் வாழ்ந்த மோச்சே மக்களும் விலங்கு வடிவ மண்பாண்டத்தில் கைதேர்ந்தவர்கள். மான், நரி, ஆந்தை, கடல்சிங்கம், லாமா என்று அவர்கள் செய்யாத விலங்கு இல்லை. அவர்களிடம் குயவர் சக்கரமே கிடையாது. அச்சில் அழுத்தியும் கையால் பிடித்துமே செய்தார்கள். அந்தக் கடலோரத்தில் கிடைத்த பழைய பாண்டங்களில் விசில் பானை என்ற வகையும் உண்டு. இரண்டு குடுவைகளைக் குழாயால் இணைத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் உள்ளேயிருக்கும் காற்று சிறு துளை வழியே வெளியேறி, பறவையோ விலங்கோ கத்துவது போலச் சத்தம் கேட்கும். அங்கேயும் விலங்கின் வயிறு காலிதான்.

ஆனால் மோச்சே பாண்டங்கள் பல ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் போல இறந்தவரோடு புதைக்கப்பட்டவை. அதனால்தான் ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்தும் முழுதாக இருக்கின்றன. லிமாவில் உள்ள லார்கோ அருங்காட்சியகம், அலமாரி அலமாரியாக அவை அடுக்கிய கிடங்கையே பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. அய்யனார் குதிரை வெளியில் நிற்கிறது. வெயிலும் ஐப்பசி மழையும் அதன் மேல்தான் விழுகிறது. சில வருடங்களில் காது போகும், பிறகு தலை, பிறகு உடம்பு. யாரும் ஒட்டவைப்பதில்லை. புதிதாக ஒன்று செய்து பக்கத்தில் வைக்கிறார்கள்.

சிமென்ட் வந்த பிறகு

அப்படிப் புதிதாகச் செய்துகொண்டே இருந்ததால்தான் ஊருக்கு வேளார் தேவைப்பட்டார். வேளாருக்குக் கம்மாய் மண் தேவைப்பட்டது. அய்யனார்களின் பெயரைப் பாருங்கள்: ராஜபாளையத்தில் நீர்காத்த அய்யனார், திருச்செந்தூர் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார், புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்கரையடி மீண்ட அய்யனார். பெயரிலேயே நீரும் கரையும் இருக்கிறது. அவர் காக்கிற கம்மாயின் மண்ணில் அவர் குதிரை. உடைந்தால் அந்த மண்ணும் கம்மாய்க் கரைக்கே.

இப்போது புதுப்பிக்கிற கோயில்களில் குதிரையும் சிமென்டில் வருகிறது. உள்ளே கம்பி, வெளியே எனாமல் பெயின்ட், நீலக் கண், சிவப்பு நாக்கு. அழகில்லை என்று சொல்லிவிட முடியாது. சுதையில் பெரிய குதிரை செய்வதும் புதிதில்லை. குளமங்கலத்தில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரம்மாண்டக் குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலை சாத்துவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். ஊர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகளிடம் வரி பிரித்து ஒருமுறை செய்தால் பேரன் காலம் வரை நிற்கும். மண் குதிரைக்கு அந்த உத்தரவாதத்தை எந்த வேளாரும் தர மாட்டார்.

ஆனால் சிமென்ட் குதிரை வந்த கோயிலிலிருந்து வேளாருக்கு மறுபடி ஆர்டர் வராது. பொங்கல் பானை, கார்த்திகை விளக்கு, கோடையில் தண்ணீர்ப் பானை என்று வருடத்தில் சில மாதம் கை ஓடும். குதிரை செய்கிற வேலை அப்படியில்லை. நான்கு காலில் வயிற்றை எப்போது ஏற்றுவது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பழக முடியும். பத்து வருடம் ஒரு குதிரையும் செய்யாத வீட்டில் அடுத்த தலைமுறைக்கு அது வராது. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவிலும் டெல்லியின் தேசிய கைவினை அருங்காட்சியகத்திலும் அய்யனார் குதிரைகள் பத்திரமாக நிற்கின்றன. அங்கே அவை உடையாது. ஆனால் யாரும் அவற்றுக்காகப் பிடிமண் கொடுக்கப் போவதில்லை.

மண் கிடைப்பதும் சுலபமில்லை. தூர்ந்துபோன கம்மாய்களில் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. மண் எடுக்க அனுமதி வாங்க அலைவது மண்பாண்டத் தொழிலாளர்களின் பழைய குறை. 2024-ல் தமிழக அரசு, விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் நீர்நிலைகளில் வண்டல், களிமண் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று நடைமுறையை எளிதாக்கியது. மாவட்டத் தலைநகர் வரை போகும் பஸ் காசாவது மிச்சம்.

போக நினைப்பவர்களுக்குப் பங்குனி உத்திரம் நல்ல நாள். தென்மாவட்டத்துக்காரர்கள் எங்கே இருந்தாலும் அன்றைக்குத் தங்கள் சாஸ்தாவைத் தேடி வருவார்கள். பூட்டிக் கிடக்கும் கோயில்களில்கூட அன்று பொங்கல் பொங்கும், பெரியவர்கள் இருப்பார்கள், எந்தக் குதிரை யார் வீட்டு நேர்த்தி என்று கேட்டால் சொல்வார்கள். மற்ற நாளில் போனால் கம்மாய்க் கரையில் நீங்களும் காற்றும்தான். சில கோயில்களில் பெண்களை ஒரு எல்லைக்கு மேல் விடுவதில்லை. செருப்பு, போட்டோ விஷயத்திலும் ஊருக்கு ஊர் கட்டுப்பாடு உண்டு. கேட்டுக்கொண்டு போவது நல்லது. குழந்தைகளைக் குதிரை மேல் உட்காரவைத்துப் படம் எடுக்க ஆசை வரும். வேண்டாம். வயிறு விரல் கனம்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் கோவில்பட்டி பஜாரில் கடலை மிட்டாய் வாங்காமல் யாரும் வருவதில்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. கார்த்திகைக்கு முன்னால் போனால், அகல்விளக்குக் குவியலுக்கு நடுவே மண் பொம்மைகளும் கிடைக்கக்கூடும். விற்கிறவர் வேளார் வீட்டுக்காரராக இருந்தால், கடைசியாக எந்த ஊருக்குக் குதிரை செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஊர் பெயர் சொல்வார். வருடத்தைச் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்.